பழைய லெகோ கட்டைகளைக் கிலோ கணக்கில் வாங்கி விற்பது: சேலத்தில் யாராவது செய்கிறீர்களா?

தட்டுவடை செட்:
எல்லோருக்கும் வணக்கம். அழகாபுரத்தில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். பையன் அமெரிக்காவில் செட்டில், பெரியவர்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். பரணிலிருந்து மூன்று பெரிய டப்பா நிறைய லெகோ, அதாவது ஒன்றோடு ஒன்று மாட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள், இறங்கியிருக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். மொத்தமாக 11,000 ரூபாய். டப்பா எடை போக 14 கிலோ வருகிறது, அதாவது கிலோ 800க்கும் கீழே. ஓஎல்எக்ஸில் பார்த்தால் கிலோ 1,500, 2,000 என்று போட்டிருக்கிறார்கள், ஒருத்தர் 3,000 கூடப் போட்டிருக்கிறார். ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி எனக்கு நேரம் இருக்கிறது, மொட்டை மாடியில் ஒரு ரூமும் காலியாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? இல்லை கையைச் சுட்டுக்கொள்வேனா?

மாம்பழ சீசன்:
போட்டிருக்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. அந்த 3,000 ரூபாய் விளம்பரத்தை நான் போன தீபாவளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், போட்டோ கூட மாறவில்லை. மல்கோவா கிலோ 400 என்று யார் வேண்டுமானாலும் போர்டு எழுதி வைக்கலாம், சாயங்காலம் கூடையில் எத்தனை மிச்சம் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
தம்பி, நான் ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன். பகலில் வெள்ளிப் பட்டறை, ராத்திரி இது. நீங்கள் கிலோவில் ஆரம்பித்திருக்கிறீர்கள், அங்கேயே தப்பு. பழைய வெள்ளி கொண்டுவந்தால் நாங்கள் முதலில் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று பார்ப்போம், எடை அப்புறம்தான். இதிலும் அதே கதை. 14 கிலோவில் எத்தனை கிலோ நிஜமான லெகோ, எத்தனை கிலோ டூப்ளிகேட், எத்தனை கிலோ டியூப்ளோ என்கிற குட்டிக் குழந்தைகளுக்கான பெரிய கட்டை, எத்தனை கிலோ கலர் பென்சிலும் ஹேர் கிளிப்பும்? இது தெரியாமல் கிலோ 786 என்பது வெறும் கணக்குதான்.

டப்பாவைத் திறந்து மேலே பார்க்காதீர்கள், கையை அடி வரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளுங்கள். ஒவ்வொரு கட்டையின் குமிழ் மேலும் லெகோ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். எழுத்து இல்லாவிட்டால் வேறு கம்பெனி. அது சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை, கட்டையின் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1958-ல், அது எப்போதோ காலாவதி. கட்டையின் வடிவமே எங்களுக்குத்தான் சொந்தம் என்று லெகோ கம்பெனி வழக்குப் போட்டுப் பார்த்தது. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் முடியாது என்று சொல்லிவிட்டன. அதனால் பொருந்துகிற கட்டையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பெட்டியையும் குட்டி ஆள் பொம்மையையும் அப்படியே காப்பி அடித்தால் வேறு விஷயம். சீனாவில் லெப்பின் என்று ஒரு கூட்டம் அதைச் செய்து 2019-ல் ஷாங்காய் போலீஸிடம் மாட்டியது. டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லி விற்றால் கால்வாசி விலை. கலந்து விற்றால் ஒரு தடவை காசு வரும், அடுத்த தடவை வசவு வரும்.

அதைவிட முக்கியம், இது ஏற்கெனவே பொறுக்கின மாலா என்பது. டப்பா அடியில் தலை, தொப்பி, முடி, குட்டிக் கத்தி, கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன வில்லை எல்லாம் மண் மாதிரி தேங்கியிருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். 14 கிலோவில் ஒரு பொம்மைத் தலை கூட இல்லாவிட்டால் உங்களுக்கு முன்னாலேயே ஒருத்தர் வந்து சாற்றைப் பிழிந்துவிட்டுப் போயிருக்கிறார், உங்களுக்குச் சக்கை. பட்டறை கூட்டின குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர் இது, அடியில் இருக்கும் தூசியில்தான் காசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பேப்பர்:
எங்கள் கடை பள்ளப்பட்டி பக்கம். வாரம் ஒரு தடவையாவது பொம்மை மூட்டை வரும். நாங்கள் பிளாஸ்டிக் விலைக்குத்தான் எடுப்போம், பையன் சுத்தியலால் சக்கரத்தின் இரும்புக் கம்பியை மட்டும் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தைக் கோணியில் போடுவான். போன வருஷம் ஒரு மேடம் வந்து கோணியைக் கீழே கொட்டச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கினார்கள். 600 ரூபாய் கொடுத்தார்கள், எங்களுக்குச் சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் எடுத்த ஒரு பொம்மை மட்டுமே அதைவிட அதிகம் போகுமாம். இப்போது பையன் குமிழில் எழுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டான், எங்களிடமும் சும்மா கிடைக்காது.

தட்டுவடை செட்:
வெள்ளி அண்ணா சொன்ன மாதிரி அடி வரைக்கும் கையை விட்டேன். தலை இருந்தது, நிறைய. அதனால் வாங்கிவிட்டேன், பேரம் பேசவில்லை. நேற்று ராத்திரி மாடியில் பழைய பெட்ஷீட்டை விரித்துக் கொட்டினேன், கொட்டின சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இன்னும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. இப்போது பிரச்சினை என்னவென்றால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கலர் கலராகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், சிவப்பு மட்டும் ஒரு வாளி ஆகிவிட்டது, பார்க்க அழகாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
அழகாகத்தான் இருக்கும், பிரயோஜனம் இல்லை. எல்லாத்தையும் திரும்பக் கொட்டுங்கள். கறுப்பு வாளிக்குள் ஒரு கறுப்பு ஆணியைத் தேடிப் பாருங்கள், கண் போய்விடும். அதே ஆணி மாதிரி இருக்கும் துண்டுகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டால், அதில் கறுப்பு எது சிவப்பு எது என்பது குழந்தைக்கும் தெரியும். வடிவம் முதலில், கலர் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும்.

முதல் சுற்றில் எதையும் எண்ணாதீர்கள், ஒரு கட்டையைக் கையில் எடுத்து யோசிக்கவும் கூடாது. பொம்மை, சக்கரம், தட்டை, செங்கல், கியர் மாட்டுகிற டெக்னிக் ஓட்டைக் கட்டை, கதவு ஜன்னல், மிச்சம், டூப்ளிகேட். எட்டு வாளி போதும். வீட்டில் ஜவ்வரிசி சலிக்கிற மாதிரி பெரிய கண் சல்லடை இருந்தால் முதலில் அதில் போட்டுச் சலித்துவிடுங்கள், பொடி எல்லாம் கீழே வந்துவிடும், அந்தப் பொடியை முறத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே பொறுக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா அரிசி பொறுக்குகிற கையோடு இதையும் செய்வார்கள், என்னைவிட வேகம். டூப்ளிகேட்டை எழுத்துப் பார்க்காமல் தொட்டே தூக்கிப் போட்டுவிடுவார்கள், எப்படி என்று கேட்டால் 'வழவழப்பு வேறடா' என்கிறார்கள்.

20வது கொண்டை ஊசி:
மேலே ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்நீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று லெகோ கம்பெனியே சொல்கிறது. வாஷிங் மெஷினும் வேண்டாம் என்கிறார்கள். வலைப்பையில் கட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு தடவை போட்டேன், பை பிரிந்து பம்ப்பில் ஒரு தலை மாட்டி மெக்கானிக்குக் கொடுத்தது 450. ஸ்டிக்கர் ஒட்டியது, மோட்டார், பேட்டரி டப்பா இதெல்லாம் தண்ணீர் பக்கமே போகக்கூடாது.

கீழே சேலத்தில் போர் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரை எடுங்கள். காய வைப்பது நிழலில், வெயிலில் போட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகிவிடும். எங்கள் பாடு நேர் எதிர். டிசம்பர் பனியில் நான்கு நாள் ஆனாலும் கட்டைக்குள் ஈரம் நிற்கும், அவசரப்பட்டுக் கவரில் போட்டு மூடினால் பாசி வாடை. நான் இப்போதெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கீழே கோரிமேட்டில் தங்கை வீட்டு மாடிக்கு அனுப்பிவிடுகிறேன், பேன் போட்டு ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், பழசு. எஸ்டேட் பங்களா ஒன்றில் ஒரு பிஸ்கட் டின்னில் கட்டைகள் கிடைத்தன. பார்த்தால் எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. டூப்ளிகேட் என்று நினைத்துத் தூக்கிப் போடப் பார்த்தேன், எழுத்து இருக்கிறது. 1963-ல்தான் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கினார்கள், அதற்கு முன்னால் செல்லுலோஸ் அசிடேட், அது நாளாக நாளாக வளையும். பிரிட்டனில் 1960 முதல் விற்றார்கள், அங்கிருந்து எந்தத் துரை வீட்டுப் பிள்ளைக்கோ வந்திருக்க வேண்டும். விளையாட உதவாது, சேகரிப்பவர்களுக்குத்தான். டின்னோடு ஷெல்ஃபில் வைத்துவிட்டேன், விற்க மனசு வரவில்லை.

தட்டுவடை செட்:
மஞ்சளானதை வெளுக்க ஏதாவது வழி உண்டா? ஒரு போலீஸ் ஸ்டேஷன் செட் முழுசாகக் கிடைத்திருக்கிறது, ஆனால் வெள்ளைச் சுவர் எல்லாம் பழைய சுவிட்ச் போர்டு கலரில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிடைக்கும், 3 சதவீதம். கண்ணாடி ஜாடியில் கட்டையைப் போட்டு மூழ்க ஊற்றி வெயிலில் வையுங்கள், கட்டை மிதந்தால் மேலே ஒரு கல்லை வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். பார்லர் கடையில் 12 சதவீதம் விற்கிறார்கள், அது சீக்கிரம் வேலை செய்யும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. ஜாடியை இறுக மூடாதீர்கள், வாயு சேரும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், வெளுத்தது மறுபடி மஞ்சளாகலாம். விற்கும்போது வெளுத்தது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். சாதாரண அழுக்குக்கு நான் பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான், கொலுசுக்குப் போடும் அதே தண்ணீர்.

அப்புறம், செம்பழுப்புக் கலர் கட்டை இருந்தால் ஒன்றோடு ஒன்று மாட்டியதைப் பிடுங்காதீர்கள். 2000களின் பின்பாதியில் வந்த அந்தக் கலர் பிஸ்கட் மாதிரி உடையும். மரம், குதிரை வண்டி எல்லாம் அந்தக் கலர்தான். பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக.

ரெண்டு பசங்களோட அம்மா:
நான் வாங்குகிற பக்கம், என் கதையையும் கேளுங்கள். புது செட் கடையில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதம் ஆக்கினார்கள், 2023-ல் 70. அந்த வருஷம்தான் என் பெரியவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது, நேரத்தைப் பாருங்கள். அதனால் பழசுதான் வாங்குகிறேன்.

ஆனால் விற்கிறவர்கள் செய்கிற ஒரு வேலை எனக்குக் கொதிக்கும். 'மிக்ஸட் ஒரு கிலோ' என்று வாங்கினேன், கூரியர் சேர்த்து 1,650. பிரித்தால் முழுக்கச் செங்கல், தட்டை, செங்கல், தட்டை. ஒரு சக்கரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. பையன் ஒரு சுவர் கட்டினான், இன்னொரு சுவர் கட்டினான், அப்புறம் 'அம்மா இதில் யாருமே இல்லை' என்றான். யாருமே இல்லாத ஊரில் என்ன விளையாடுவது? பொம்மை எல்லாம் தனியாக எடுத்து ஒன்று 200, 300 என்று விற்றுவிட்டு எங்களுக்கு எலும்பை அனுப்புகிறீர்கள். விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பொறுக்கின மால் என்று எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
அக்கா சொல்வது நியாயம்தான், என் பேரிலும் அந்தப் பாவம் உண்டு. இப்போது நான் கிலோவுக்கு மூன்று பொம்மை, இரண்டு ஜோடி சக்கரம், ஒரு கதவு என்று போட்டுத்தான் கட்டுகிறேன். விலையும் 200 கூட வைக்க முடிகிறது, திரும்பியும் வருகிறார்கள். விலை உயர்ந்த ஆள், ஸ்டார் வார்ஸ், சூப்பர்ஹீரோ எல்லாம் தனி. சாதாரண போலீஸ், தீயணைப்பு ஆள், சமையல்காரர் எல்லாம் கிலோவோடு போகட்டும்.

மாம்பழ சீசன்:
எல்லாம் சரி, நேரக் கணக்கை மட்டும் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். 2×4 கட்டை, அதாவது இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ளது, ஒன்று ஏறக்குறைய 2.3 கிராம். அது மட்டுமே இருந்தாலும் கிலோவுக்கு 430 சொச்சம் வரும், பொடிசு கலந்தால் இன்னும் எவ்வளவோ. 14 கிலோ என்றால் எத்தனை ஆயிரம் துண்டு? ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, பார்த்து, போட்டு, கழுவி, துடைத்து, போட்டோ எடுத்து, 'கடைசி விலை எவ்வளவு ப்ரோ' என்று ராத்திரி 11 மணிக்குக் கேட்கிறவனுக்குப் பதில் சொல்லி. பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கிறவர்களுக்காவது ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. உங்களுக்கு நீங்களே கூலி போட்டுப் பாருங்கள், லாபம் என்கிற வார்த்தை காணாமல் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
அதைத்தான் நானும் சொல்கிறேன், வேறு மாதிரி. கட்டையில் காசே இல்லை, பிரிப்பதில்தான் காசு. பிரிக்காத கிலோவுக்கும் பிரித்த கிலோவுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுக்க உங்கள் கூலி. அது பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்றுவிட்டுத் தூங்குங்கள், அதில் வருவது பெட்ரோல் காசு.

ஆனால் எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரத்தைச் செலவு செய்வது முட்டாள்தனம், அதைத்தான் புதிதாக வருகிறவர்கள் செய்கிறார்கள். சாதாரணச் சிவப்புச் செங்கல்லை எண்ணவே கூடாது. முதல் பத்து மணி நேரத்தில் பொம்மைகளையும், எந்தெந்த செட் உள்ளே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிட வேண்டும். அச்சடித்த துண்டு, விநோதமான கலர் துண்டு ஏதாவது ஒன்று அகப்பட்டால் அதன் நம்பரைப் பாருங்கள், அடியில் இருக்கும். ரீபிரிக்கபிள் என்கிற வெப்சைட்டில் அந்த நம்பரைப் போட்டால் எந்த செட்டில் வந்தது என்று காட்டும். அந்த செட்டின் இன்னொரு விசேஷத் துண்டும் டப்பாவில் இருந்தால் செட் இருக்கிறது என்று அர்த்தம், பட்டியலை வைத்துக்கொண்டு கட்டுங்கள். விலைக்குப் பிரிக்லிங்க் என்கிற வெப்சைட்டைப் பாருங்கள், கடந்த ஆறு மாதத்தில் நிஜமாக விற்ற விலை வரும், ஆசைப்பட்டுப் போட்ட விலை வேறு பக்கம் வரும். டாலரில் இருக்கும், அப்படியே ரூபாய்க்கு மாற்றிக் கனவு காணாதீர்கள், இங்கே அதற்கு வாங்குபவர் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் கிடந்ததை விற்பது வேறு, விற்பதற்கென்றே வாங்குவது வியாபாரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு பெட்டி வியாபாரமாக அனுப்பினாலும் மாநிலம் தாண்டுகிறது, அப்போது விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். பதிவு எடுத்தவர்கள் பழைய பொருளை அப்படியே விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டுகிற வழி இருக்கிறது, வாங்கும்போது வரி வரவு எடுத்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து பழைய பொம்மையைக் கண்டெய்னரில் இறக்கலாமா என்று ஒருத்தர் போன மாதம் என்னிடம் கேட்டார். பழைய பொருள் இறக்குமதி கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் துறைமுகத்தில் நிற்கும். அந்த ஆசையை விட்டுவிடச் சொன்னேன்.

தட்டுவடை செட்:
பத்து நாள் ஆகிறது. இரண்டு விஷயம். ஒன்று, டியூப்ளோ இரண்டு கிலோ கிடந்தது. நீளம் அகலம் உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு என்பதால் டப்பாவில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. மொத்தமாக ஒரு ப்ளே ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டேன், 1,800.

இரண்டாவது, பொடி சலிக்கும்போது ஒரு குழந்தைக் கொலுசு வந்தது. ஒற்றை. கறுத்துப்போய், ஒரு சலங்கை மட்டும் தொங்கிக்கொண்டு. முதலில் லெகோ சங்கிலி என்றே நினைத்துச் சங்கிலி வாளியில் போட்டுவிட்டேன்.

மாம்பழ சீசன்:
14 கிலோவில் டச் உள்ள மால் அது ஒன்றுதான் போல.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
தம்பி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒற்றைக் கொலுசுக்கு உருக்கினால் ஐந்தாறு கிராம் காசு. அந்த வீட்டில் இன்னொன்று எங்கேயோ பத்திரமாக இருக்கும். ஜோடி தொலைந்த கொலுசை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

தட்டுவடை செட்:
கொடுத்துவிட்டேன் அண்ணா. அந்த அம்மா பீரோவிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே இன்னொன்று இருந்தது. மகளுடையது, இப்போது அவர் பெண்ணே காலேஜ் போகிறாள். காபி கொடுத்தார்கள். அப்புறம் 'உனக்குத்தான் பொம்மை பிடிக்குமே' என்று பரணிலிருந்து இன்னொரு பெட்டியையும் இறக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாம் ஜிக்சா படம், ஏழு டப்பா, ஒன்றிலும் துண்டு முழுசாக இல்லை. 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன், அவர்கள் கேட்டதால்.

பழைய பேப்பர்:
எங்களிடம் கொண்டுவாருங்கள், அட்டை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ரெண்டு பசங்களோட அம்மா:
கொலுசை எல்லோரும் பாராட்டிவிட்டீர்கள். அந்த 11,000-ஐ யாரும் கேட்கவில்லையே? உள்ளே நல்ல செட் இருக்கிறது என்று தெரிந்தே வயசானவர்களிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்குவது சரியா?

மாம்பழ சீசன்:
அவர்கள் சொன்ன விலையைக் குறைக்காமல் கொடுத்திருக்கிறாரே. வேறு என்ன செய்ய வேண்டும், ஏற்றிக் கேட்கச் சொல்ல வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
நான் எங்கே கோடு போடுகிறேன் என்றால், டச் தெரியாமல் ஒரு பாட்டி கொலுசைக் கொண்டுவந்தால் இத்தனை டச் என்று சொல்லிவிட்டுத்தான் எடை போடுவேன், சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. ஆனால் மூட்டையாகக் கட்டி, 'உள்ளே என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது, எடுத்துக்கொண்டு போங்கள்' என்றால் மூட்டைக்கு ஒரு விலை. உள்ளே மண்ணும் இருக்கலாம் மணியும் இருக்கலாம், நஷ்டம் வந்தால் அவர்கள் திருப்பித் தரப்போவதில்லை. தம்பி வாங்கினது மூட்டை. அவர் ஒரு கை அள்ளிப் பார்த்தது உண்மைதான், 14 கிலோவில் ஒரு கை. என் கணக்கில் தப்பு இல்லை. அக்கா கணக்கு வேறாக இருந்தால் அதிலும் நியாயம் உண்டு.

20வது கொண்டை ஊசி:
நான் விடுதிப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். இங்கே போர்டிங் பள்ளிகள் அதிகம், மார்ச் ஏப்ரலில் ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடமில்லாமல் 100 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருப்பார்கள். பையனுக்கு அதன் விலை தெரியாது, வாங்கிக் கொடுத்த அப்பாவுக்குத் தெரியும். பெற்றோர் போனில் சரி என்றால் மட்டும் எடுப்பேன்.

தட்டுவடை செட்:
இரண்டரை மாதம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்காகக் கணக்கு. 14 கிலோவில் டூப்ளிகேட்டும் குப்பையும் நாலரை கிலோ, டியூப்ளோ இரண்டு, நிஜ லெகோ ஏழரை. அதில் ஐந்து செட் தேறியது, போலீஸ் ஸ்டேஷன் உட்பட. இல்லாத துண்டுகளை வாங்க 1,350 ஆனது. ஐந்தும் சேர்ந்து 9,800-க்குப் போனது, எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே, கணக்குப்பிள்ளை சார் நிம்மதியாகத் தூங்கலாம். பொம்மை ஆட்கள் 43 பேர், 6,450. அதில் மூன்று ஆள் டூப்ளிகேட் என்று ஒருத்தர் திருப்பி அனுப்பினார். தலையைக் கழற்றிக் கழுத்துக் குமிழைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, எண்ணிக்கையில் அவர்களைச் சேர்க்கவில்லை. கலவைக் கட்டை மூன்று கிலோ, அக்கா சொன்ன மாதிரி ஆளும் சக்கரமும் போட்டு, கிலோ 1,200 வீதம் 3,600. டியூப்ளோ 1,800. மொத்த வரவு 21,650. செலவு வாங்கிய 11,000, துண்டுக்கு 1,350, கூரியர், ஜிப் கவர், பெராக்ஸைடு எல்லாம் 1,900. கையில் 7,400, ஜிக்சாவைச் சேர்க்காமல்.

மாம்பழ சீசன்:
மணி?

தட்டுவடை செட்:
கேட்பீர்கள் என்று தெரியும், போனில் குறித்து வைத்தேன். 96 மணி நேரம். மணிக்கு 77 ரூபாய். இதில் முதல் 20 மணி நேரம் கலர் பிரித்தது, அது வீண்.

மாம்பழ சீசன்:
நான் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
முதல் லாட்டுக்கு 77 மோசமில்லை, என்னுடைய முதல் லாட் நஷ்டம். அடுத்ததற்கு அந்த 20 மணியும் போய்விடும், எந்தத் துண்டு எது என்று கையே சொல்லும். ஆனால் அடுத்தது கிடைக்க வேண்டுமே, சேலத்தில் அழகாபுரமும் ஃபேர்லேண்ட்ஸும் விட்டால் பரணில் லெகோ வைத்திருக்கிற வீடு எத்தனை? நான் வருஷத்துக்கு நான்கு லாட்டுக்கு மேல் பார்த்ததில்லை. வேலையை விட்டுவிட்டு இறங்கலாம் என்று யாராவது இதைப் படித்துவிட்டு நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

ரெண்டு பசங்களோட அம்மா:
டூப்ளிகேட் நாலரை கிலோவை என்ன செய்தீர்கள்?

தட்டுவடை செட்:
உடைந்ததை எடுத்துவிட்டுக் கழுவி எங்கள் தெரு அங்கன்வாடியில் கொடுத்தேன், ஒரு கிலோ குப்பையாகவே போனது. குழந்தைகள் குமிழில் எழுத்துப் பார்க்கவில்லை. டெக்னிக் ஓட்டைக் கட்டையும் சாம்பல் கலர்த் தட்டைகளும் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ இன்னும் மாடியில் கிடக்கிறது, யாரும் கேட்கவில்லை. அக்கா, உங்கள் பெரியவன் கியர் வைத்து ஏதாவது செய்வானா?

ரெண்டு பசங்களோட அம்மா:
செய்வான், பிரித்தும் போடுவான். ஆள் உண்டா அதில்?

தட்டுவடை செட்:
நான்கு பேர் போட்டுத் தருகிறேன். ஒருத்தருக்குக் கை இல்லை.

ரெண்டு பசங்களோட அம்மா:
ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு வருவேன். பை நான் கொண்டுவருகிறேன்.